முதலில் கட்டடமா, காப்பாளரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்கு அருகே பல்லுயிர் ஆய்வு நிறுவனம் ஒன்றையும் அதனோடு இணைந்த அருங்காட்சியகத்தையும் அமைக்க எங்கள் அறக்கட்டளை எண்ணியிருக்கிறது. கட்டட வரைபடம் தயாராகிவிட்டது. நன்கொடையும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. 25 ஆண்டுகளுக்கான திட்டத்தில் முதலில் இடம்பெற வேண்டியது எது?
– வாசகர், மேலூர்

பதில்: வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சம்பளப் பட்டியலை எழுதுங்கள். திறப்பு விழா வரைக்கும் பணம் கொடுக்க நம் ஊரில் ஆள் உண்டு. கல்வெட்டில் பெயர் வரும். பத்தாண்டு கழித்து, சேர்த்துவைத்த உயிர் மாதிரிகளைப் பேணும் காப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கவும், மாதிரிப் புட்டிகளில் ஆல்கஹால் நிரப்பவும் கேட்டால்தான் கொடுக்கிற கை தயங்கும். ஆகவே, வரும் நன்கொடையில் ஒரு பங்கை வைப்பு நிதியாக ஒதுக்கி, அதன் வட்டியை மட்டுமே செலவிடுவது என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். ஏழு விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 1 கோடி ரூபாய் ஆண்டுக்கு 7 லட்சம்தான் தரும். விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட அதிலும் கணிசமான பகுதியை முதலோடு திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். மிஞ்சுவது ஒரு காப்பாளரின் சம்பளத்துக்குக் காணுமா என்று பார்த்த பிறகு, கட்டடம் ஒரு மாடியா இரண்டு மாடியா என்று பேசலாம்.

காப்பாளர் என்ன செய்வார் என்று நன்கொடையாளர்கள் கேட்பார்கள். கண்மாய் மீன் ஒன்றை எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் இட்டு மூடிவைத்தாலும், மதுரைச் சித்திரை வெயிலில் மூடியின் இடுக்கு வழியே ஆல்கஹால் மெல்லக் குறைந்துகொண்டே வரும். கவனியாமல் விட்டால் சில ஆண்டுகளில் மீன் காய்ந்து சருகாகிவிடும். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டும் அதே புட்டிக்குள் கிடக்க வேண்டும். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் அதைப் பென்சிலால் எழுத வேண்டும். சீட்டு அழிந்த மீன் ஆய்வுக்கு உதவாது. உலர்த்தி ஒட்டிய செடிகளுக்கோ பூச்சி பகை. புதிதாக வரும் செடிக்கட்டு ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஆழ்குளிர்ப் பெட்டியில் உறையவைத்த பிறகே அலமாரியில் சேர்க்க வேண்டும். இவை அன்றாட வேலைகள். ஆள் இல்லாவிட்டால் நடக்காது.

பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. ரியோ டி ஜெனிரோவில் 1818-இல் தொடங்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம், பல்லாண்டு நிதிப் பற்றாக்குறையில் தவித்து, 2018 செப்டம்பர் 2 அன்று எரிந்துபோனது. ஏறத்தாழ 2 கோடி பொருள்கள் கொண்டிருந்த அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி ஒரே இரவில் அழிந்தது. வந்து சேர்ந்த தீயணைப்பு வீரர்களுக்கு அருகிலிருந்த குழாய்களில் போதிய தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. நம் நாட்டிலும், டெல்லியில் 1978-இல் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று தீக்கிரையானது. ஆல்கஹால் புட்டிகளைப் பார்வையாளர் கூடத்திலிருந்து தள்ளித் தனி அறையில் வைப்பதும், பதிவேட்டின் நகலை வேறோர் ஊரில் வைப்பதும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்றை எழுதப் பலரும் கூசுவார்கள், நீங்கள் கூசாதீர்கள். நிறுவனம் நொடித்துப்போனால் தொகுப்பு யாரைச் சேரும்? செடிகளைக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் ஏற்குமா, விலங்கு மாதிரிகளைச் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மையம் ஏற்குமா என்று இப்போதே கேட்டு, ஒப்புதலைக் கடிதமாக வாங்கி வையுங்கள்.

கேள்வி: கைப்பேசியிலேயே தெளிவான படம் எடுக்க முடிகிற காலத்தில், உயிர்களைக் கொன்று புட்டியில் அடைப்பது எதற்காக?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: அரிட்டாபட்டி மலைகளில் காணப்படும் லகர் வல்லூற்றுக்கும் ஷாஹீன் வல்லூற்றுக்கும் படமே போதும், அவற்றின்மேல் கை வைக்கக் கூடாது. ஆனால் புல், சிலந்தி, சிறு மீன் ஆகியவற்றில் பலவற்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால்தான் இனம் பிரிக்க முடியும். அதோடு, இன்று சேர்த்து வைப்பது நாளை எந்தக் கேள்விக்கு விடை தரும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஷாஹீன், பொரி வல்லூற்றின் ஓர் உள்ளினம். அந்தப் பொரி வல்லூறு பிரிட்டனில் ஏன் அருகிப்போனது என்று தேடிய பறவை ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப், பழைய தொகுப்புகளில் கிடந்த முட்டை ஓடுகளை ஆராய்ந்து, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதை 1967-இல் வெளியிட்டார். அதற்கு டிடிடி பூச்சிமருந்தே காரணம் என்பது பின்னர் உறுதியானது. அந்த முட்டைகளைச் சேர்த்தவர்களில் ஒருவரும் பூச்சிமருந்தை நினைத்துச் சேர்க்கவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மான் கொம்பு ஒன்று இருக்கிறது. அதை இத்தகைய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: நேராகக் கொடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பதும் சிக்கல், வாங்கிக்கொள்வதும் சிக்கல். மாவட்ட வன அலுவலகத்தை அணுகுங்கள்.

கேள்வி: கூரை முழுவதும் சூரிய மின்தகடு பதித்துவிட்டால், நிறுவனம் நீடித்த வளர்ச்சிக்கு முன்மாதிரி ஆகிவிடாதா?
– வாசகர், திருநகர்

பதில்: பதியுங்கள், நல்லதே. ஆனால் நாள் முழுவதும் குளிர்ச்சி வேண்டியது மாதிரிகள் இருக்கும் அறைக்கு மட்டுமே. அதைச் சிறிதாக, தடித்த சுவரோடு, வெயில் குறைவாகப் படும் வடபுறத்தில் அமைத்தால் மின்சாரத் தேவையே குறைந்துவிடும். முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே ஏசி போட்டு, அதை ஓட்ட மேலே மின்தகடு வைப்பது வீண் சுற்று. புதுக் கட்டடம்தான் வேண்டும் என்பதும் இல்லை. மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகம் 1959-இல் நேருவால் திறந்துவைக்கப்பட்டபோது, ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தமுக்கம் அரண்மனையில்தான் குடியேறியது.

கேள்வி: அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தாகிவிட்டது. இனி எங்கள் பகுதிக்கு ஆய்வு நிறுவனம் எதற்கு?
– கல்லூரி மாணவி, மேலூர் வட்டம்

பதில்: அறிவிப்பின் எல்லையை ஒருமுறை பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேர். 2024-இல் இதே பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென ஏலம் விடப்பட்ட தொகுதியோ 2,000 ஹெக்டேருக்கும் மேல். பாரம்பரியத் தலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் மக்களின் போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மற்ற ஒன்பது பங்கில் உள்ள கண்மாய், ஓடை, பாறை, வயல்வரப்பு ஆகியவற்றில் எந்த உயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் தவறாமல் எழுதிவைப்பதே நிறுவனத்தின் முதல் பத்தாண்டு வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதுவது அதன் பொறுப்பு. கிடைமாடு மேய்ப்பவருக்கும் மடை திறக்கும் நீர்பாய்ச்சிக்கும் தெரிந்தவை அதில் அவர்கள் சொன்ன பெயர்களோடேயே ஏற வேண்டும். அவர்களுக்கு நாள்கூலி தருவதற்குத் திட்டத்தில் தொகை ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கேளுங்கள். விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் பறவைகளை நாள் குறித்து எழுதத் தொடங்குவதற்கு, நிறுவனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.