தங்கையை ரேடியாலஜி டெக்னாலஜி படிக்க வைக்கலாமா? கதிர்வீச்சு ஆபத்து என்று வீட்டில் தடுக்கிறார்களே?

தாராளமாகப் படிக்க வையுங்கள். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் வீட்டாரின் பயம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களைப் போன்றவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்ய நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பேட்ஜைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கணக்குப் பார்க்கிறார்கள். தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துபவருக்குச் சேர்வது மிகச் சொற்பம். அறுவை அரங்கில், சிகிச்சை நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவிக்கு அருகில் நிற்கும்போதுதான் ஈய மேலங்கியும் விலகி நிற்கும் பழக்கமும் கட்டாயம் வேண்டும். தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு ஏறத்தாழ கால் பங்காகிவிடும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது.

உண்மையில் கடினமானது நோயாளியைக் கையாள்வது. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பைப் பலகையோடு சேர்த்து நிறுத்தி, கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி எடுக்கிறோம். முன்பக்கமிருந்து எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். தோள்களை முன்னால் தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கும். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க தாத்தா" என்று சொன்னால் போதாது, அவர் பிடித்திருக்கிறாரா என்று பார்த்து எடுக்க வேண்டும். இளம்பெண் வந்தால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்று தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? பெண்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

ஆகவே கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதோடு இணைந்த மருத்துவமனையைப் பாருங்கள். எக்ஸ்ரே அறை வாசலில் காலையில் வரிசை நிற்கிறதா, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அங்கேயே இருக்கின்றனவா, மாணவர்களின் கையில் கருவியைக் கொடுக்கிறார்களா என்று மூன்றாம் ஆண்டு மாணவிகளிடமே கேளுங்கள். பல்கலைக்கழக அங்கீகாரமுள்ள பி.எஸ்சி. பட்டமாக, நிறைவில் மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டதாக இருக்கட்டும். இது போன்ற இணைநிலை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஆறு மாதச் சான்றிதழ் விற்கும் இடங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

சேர்வதற்கு முன் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் மின்காந்த அலைகள் பாடத்தை மறுபடி ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். முதலாண்டில் பலர் திணறுவது இயற்பியலில்தான்.