கைரல் இடைநிலையை நிறமாலையில் பிடிப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

புரோலீன் ஒரு கைரல் அமினோ அமிலம்: இடக்கையும் வலக்கையும் போல, அதன் ஆடிவிம்பம் அதனோடு பொருந்தாது. அது ஊக்கியாக அல்டிகைட்டோடு சேரும்போது இடையில் உருவாகிப் பிறகு மறையும் சேர்வைதான் எனமைன் என்ற இடைநிலை.

என்எம்ஆர் (கருக்காந்தப் பரிவு நிறமாலை) குழாயில் புரோலீனையும் அல்டிகைட்டையும் கலந்து பஸ்ஸில் கொழும்புக்குக் கொடுத்துவிட்டால் எனமைனைப் பார்க்கலாமா? (கிளிநொச்சி)

பார்க்க முடியாது. குழாய் போய்ச் சேருமுன் அல்டிகைட்டு தன்னோடு தானே தாக்கமுற்று அல்டோலாகிக்கொண்டிருக்கும். பொருட்களைத் தனித்தனியே கொண்டுபோய்க் கருவிக்குப் பக்கத்திலேயே கலவுங்கள். உலர்ந்த எல்-புரோலீன் 3.5 மில்லிகிராம், டியூற்றீரியம் (பார ஐதரசன்) ஏற்றிய டிஎம்எஸ்ஓ கரைப்பான் 0.6 மில்லிலீற்றர், புதிதாகக் காய்ச்சி வடித்த 3-மெதைல்பியூற்றனல் ஏறக்குறைய 3.2 மைக்குரோலீற்றர், இரண்டுமே 50 மில்லிமோலர் அளவில் வரும். முதலில் புரோலீன் அடியில் கிடக்கும். தாக்கம் நடக்க நடக்கத்தான் கரையும், பயப்படத் தேவையில்லை.

நிறமாலை அச்சில் 6 பிபிஎம் அருகே, 13–14 ஹேர்ட்ஸ் இடைவெளியுள்ள இரட்டைக் கோட்டைத் தேடுங்கள். அதுதான் E-எனமைன் (இரட்டைப் பிணைப்பில் பெரிய தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கம் உள்ள வடிவம்). அதைவிட உயரமாக நிற்பது ஒக்சசோலிடினோன், அதாவது புரோலீனும் அல்டிகைட்டும் சேர்ந்து வளையமாக மூடிய சேர்வை. அது ஊக்கி ஒதுங்கி நிற்கும் இடம்.

எனமைன் தெரியாவிட்டால் முதல் சந்தேகம் நீர். மாரிக் காலத்தில் திறந்து வைத்த டிஎம்எஸ்ஓ போத்தல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நீர் கூடினால் எனமைன் நீர்ப்பகுப்படைந்து திரும்பிப் போகும். 3.33 பிபிஎம்மில் நீர்க்கோடு புரோலீனின் கோடுகளை விஞ்சி நின்றால் அந்த மாதிரியை வீசுங்கள். 3 ஆங்ஸ்ட்ரம் மூலக்கூற்று அரிப்பை (நீரை உறிஞ்சும் மணிகள்) 300 பாகை செல்சியசில் இரவு முழுக்கச் சூடாக்கிக் குளிரவிட்டு, கரைப்பானில் போட்டு வையுங்கள்.

டியூற்றீரியம் அசற்றோனைக் கரைப்பானாக எடுத்தால்? (பம்பைமடு)

இங்கே அதுவே தாக்கி. அதிலிருந்து உருவாகும் எனமைனின் இரட்டைப் பிணைப்பில் டியூற்றீரியமே இருக்கும். அந்த இடம் புரோத்தன் நிறமாலையில் தெரியாது.

திணிவு நிறமாலையில் 156 வந்தது. அசற்றோன்-புரோலீன் எனமைன் என்று எழுதலாமா? (வவுனியா)

எழுத வேண்டாம். எனமைன், ஒக்சசோலிடினோன், இமினியம் காபொட்சிலேற்று மூன்றும் C₈H₁₃NO₂ தான். புரோத்தன் ஏறினால் மூன்றுக்கும் 156. கையமைப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

பாடசாலை முனைவுமானியால் (முனைவுபட்ட ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) முடியாதா? (முல்லைத்தீவு, ஆசிரியர்)

குழாயிலுள்ள அத்தனையின் கூட்டுத்தொகையைத்தான் அது காட்டும். 100 மில்லிலீற்றர் நீரில் 1 கிராம் எல்-புரோலீன், 1 டெசிமீற்றர் குழாயில், கிட்டத்தட்ட −0.85 பாகை, மாணவருக்குக் காட்ட இது போதும். இடைநிலைக்குச் சிடி நிறமாலை (வலஞ்சுழி, இடஞ்சுழி ஒளிகளை உறிஞ்சுவதிலுள்ள வித்தியாசத்தை அளப்பது) நல்லது, ஆனால் டிஎம்எஸ்ஓவில் வேண்டாம்: ஏறத்தாழ 268 நானோமீற்றருக்குக் கீழே அந்தக் கரைப்பானே ஒளியை விழுங்கிவிடும். அசற்றோநைத்திரைலில் 190 வரை போகலாம். அதில் புரோலீன் சரியாகக் கரையாது என்பதால் புரோலீனிலிருந்து செய்யப்படும் டைபீனைல்புரோலினோல் சிலைல் ஈதரை ஊக்கியாக எடுங்கள்.

இரு டயஸ்டீரியோமர் (ஒன்றுக்கொன்று ஆடிவிம்பமல்லாத முப்பரிமாண வடிவங்கள்) இடைநிலைகள் 9:1 என்று தெரிகின்றன. விளைவில் ஒரு ஆடிவிம்பம் 80 சதவீதம் மிகையாக வரும் என்று கொள்ளலாமா? (மாங்குளம்)

கணக்கு சரி, முடிவு சரியில்லை. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றாக வேகமாக மாறுமானால் விளைவைத் தீர்மானிப்பது அவற்றின் அளவல்ல, அடுத்த படியின் வேகம். இரசாயனவியலாளர் ஜாக் ஹால்பேர்ன் ஆராய்ந்த ரோடியம் ஐதரசனேற்றத்தில் குறைவாக இருந்த டயஸ்டீரியோமர்தான் பிரதான விளைவைத் தந்தது. எக்ஸி நிறமாலையை (ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுபவற்றைக் காட்டும் என்எம்ஆர் முறை) கலப்பு நேரத்தை மாற்றி மாற்றி எடுங்கள். இரு இடைநிலைகளின் கோடுகளுக்கிடையே குறுக்குப் புள்ளிகள் வந்தால் அவை மாறிக்கொள்கின்றன. அந்த மாற்ற வேகத்தை அடுத்த படியின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். மிகையை மட்டும் கைரல் எச்பிஎல்சியில் (ஆடிவிம்பங்களைப் பிரித்தளக்கும் நிறப்பிரிகை) அளந்தே எழுதுங்கள்.