ஞாயிற்றுக்கிழமையை முதலில் கேட்டு வாங்குங்கள், டிக்கெட் பிறகு

அன்புத் தங்கைக்கு,

திருச்சியிலிருந்து ஜெர்மனியின் பான் நகருக்கு ஓ பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி படிப்பவராக, வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். வீடு நல்ல வீடு, குழந்தைகள் இருவரும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் எந்த நாள் விடுமுறை என்பது அன்று காலையில்தான் தெரிகிறது. மாதக் கைச்செலவுக்கு வீட்டார் தரும் 280 யூரோவில் ஊர் சுற்ற முடியுமா, பாரிஸுக்கு ஒரே நாளில் போய் வரலாமா, கோடையில் வீட்டார் கடற்கரைக்குக் கூப்பிடுகிறார்களே அது விடுப்பில் சேருமா, எல்லாவற்றுக்கும் மேல் கூட வர ஒரு ஆள் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பானுக்கும் கொலோனுக்கும் நடுவில் இருக்கும் ப்ரூலில் 2014-இல் நானும் ஓ பேராக வந்து இறங்கியவள்தான். இப்போது டார்ட்மண்டில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு என் வரிசையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விடுமுறை நாள். அது வீட்டார் மனம் வைத்துக் கொடுப்பது அல்ல, ஒப்பந்தத்தில் இருப்பது. வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அதற்கு மேல் வேலை இல்லை. குழந்தைகள் தூங்கும்போது வீட்டில் காவல் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக, வாரத்தில் நான்கு மாலைகள் உங்களுக்கு. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. கேட்டு வாங்குவது மரியாதையில்லை என்று வளர்ந்தவள் நான். ஒரு ஞாயிறு காலை, புளியோதரை கட்டிய டப்பா பையில், ஷூ காலில், கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வீட்டுக்கார அம்மா தலைமுடியைத் துவட்டிக்கொண்டே வந்து, "மதியம் வரைக்கும் மட்டும் இருக்க முடியுமா?" என்றார். சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினேன். கொலோன் ரயில் நிலையத்தில் மூன்று பேர் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். புளியோதரையைக் குளியலறையில் உட்கார்ந்து தின்றேன்.

இதைக் கேட்ட என் மொழி வகுப்பு ஆசிரியை நாட்காட்டி வாங்கிக் கொடுத்து, நான்கு வாரத்தை முன்கூட்டியே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொன்னார். பச்சை மையில் என் நாட்கள். அதைப் பார்த்து வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நடுங்கினேன். அவருக்கோ நிம்மதி, "இதை முதலிலேயே செய்திருக்கலாமே" என்றார். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று இங்கே காத்திருக்காதீர்கள். எழுதி ஒட்டியதைத்தான் படிப்பார்கள்.

அடுத்தது பணம். பயண டிக்கெட் செலவை வீட்டார் ஏற்கிறார்களா என்று கேளுங்கள், பல வீடுகளில் ஏற்கிறார்கள். இல்லையென்றால் டாய்ச்லாந்து டிக்கெட்டை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. உங்கள் 280-இல் அது பெரிய துண்டுதான். ஆனாலும் நாடு முழுவதும் பஸ், டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் மாதம் முழுக்கச் செல்லும். சந்தாவாகத்தான் தருவார்கள், வேண்டாத மாதத்துக்கு முந்தைய மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். ஐ.சி.இ., ஐ.சி. என்று போட்ட விரைவு ரயில்களில் செல்லாது. நிறத்தைப் பார்த்து ஏறாதீர்கள், பலகையில் ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்ற எழுத்தைப் பார்த்து ஏறுங்கள். அவசரத்தில் பார்க்காமல் ஏறிய என் தோழி 60 யூரோ அபராதம் கட்டி, அந்த மாதம் முழுக்க எங்கள் டப்பாக்களில்தான் சாப்பிட்டாள். எங்கள் காலத்தில் இந்த டிக்கெட் கிடையாது. மாநில அளவிலான ஒருநாள் குழு டிக்கெட் ஒன்றை ஐந்து பேர் பங்குபோட்டு எடுப்போம். ஐந்தாவது ஆள் கிடைக்காத வாரங்களில் வகுப்பில் முகம் தெரியாதவர்களைக்கூட இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம். இப்போது யோசித்தால், எங்களுக்கு நட்பு சேர்ந்ததே அந்த டிக்கெட்டின் கஞ்சத்தனத்தால்தான்.

ஆகவே ஆள் இல்லையே என்பதற்கு என் பதில் மொழி வகுப்பு. வகுப்புக்கு மாதம் 70 யூரோ வீட்டார் தர வேண்டும், அதை விடாதீர்கள். கூடுமானவரை வகுப்புக்கு நேரில் போங்கள், இணையத்தில் சேராதீர்கள். என் வகுப்பில் ஜார்ஜியாவிலிருந்து ஒருத்தி, கொலம்பியாவிலிருந்து ஒருத்தி, மடகாஸ்கரிலிருந்து ஒருத்தி. எல்லோரும் ஓ பேர்கள், எல்லோருக்கும் காசு இல்லை, எல்லோரும் அரைகுறை ஜெர்மன். பொதுமொழி அரைகுறையாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு: புறம் பேச வார்த்தை வராது. ஜெர்மன்காரர்களோடு நட்பு வராதா என்றால், வரும், மெதுவாக வரும். காபி குடிக்கலாமா என்று கேட்டால் டைரியைத் திறந்து மூன்று வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை தருவார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பார்கள்.

எங்கே போவது? பானில் இருந்துகொண்டு தூரத்துக்கு ஏங்க வேண்டியதில்லை. ஏப்ரலில் பழைய நகரத்து ஹேர் தெருவில் செர்ரி பூத்துத் தெரு முழுக்க இளஞ்சிவப்புப் பந்தல் போட்டதுபோல இருக்கும். கூட்டம் வருமுன் காலையில் போய்விடுங்கள். 66-ஆம் எண் டிராம் பிடித்தால் கோனிக்ஸ்வின்டர். அங்கே 321 மீட்டர் உயரத்தில் ட்ராஹென்ஃபெல்ஸ் குன்று, உச்சியில் இடிந்த கோட்டை, கீழே வளைந்து போகும் ரைன். 1883-இல் போட்ட பல்சக்கர ரயில் மேலே ஏறுகிறது. காசு மிச்சம் பிடிக்க நாங்கள் நடந்தே ஏறினோம். கொலோன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 533 படி, லிஃப்ட் இல்லை. ஒருமுறை ஏறுங்கள், போதும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு சாதாரண ரயில். கொலோனிலிருந்து மைன்ஸ் போகும் ஆர்.பி. 26, உங்கள் பான் வழியாகத்தான் போகிறது. இடது பக்கச் சன்னலில் உட்காருங்கள். கோப்லென்ஸ் தாண்டியதும் நதி ஒட்டிக்கொண்டே வரும். மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், திருப்பத்துக்குத் திருப்பம் கோட்டை, எதிர்க்கரையில் லோரெலை பாறை, கௌப் அருகே நதிக்கு நடுவிலேயே கப்பல்போல நிற்கும் ஒரு சிறு கோட்டை. கோப்லென்ஸிலிருந்து பிங்கன் வரையிலான 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-இல் பட்டியலில் சேர்த்தது. அந்த ரயிலில்தான் கொலம்பியத் தோழி முதன்முதலாகப் புளியோதரை தின்றாள். வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு டப்பாவைத் திருப்பித் தந்தாள்.

ஹாம் நகரத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். கொலோனிலிருந்து ஆர்.இ. 1 ஏறினால் கடைசி நிறுத்தம், அங்கிருந்து பஸ்ஸில் உவென்ட்ராப். 2002-இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் அங்கே தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. கட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். மே, ஜூன் வாக்கில் தேர்த்திருவிழா. கிடங்குகளும் லாரிகளும் நிற்கும் தார்ச்சாலையில் தேர் அசைந்து வருகிறது, முதுகில் செடில் என்ற கொக்கி குத்திய காவடிக்காரர்கள் முன்னால் ஆடுகிறார்கள், உடைத்த தேங்காய் தண்ணீர் சாலையோரம் ஓடுகிறது. ஐந்து மாதமாகத் தமிழைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டவள் நான். நாதஸ்வரம் கேட்டதும் அழுதுவிட்டேன். ஜார்ஜியத் தோழி பயந்துபோய், யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, "வாங்கோ பிள்ளையள்" என்று மூன்று பேரையும் அன்னதானப் பந்திக்குக் கூட்டிப்போனார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். திருநெல்வேலி என்றதும், நான் மெலிந்திருப்பதாகச் சொல்லி மறுபடி சோறு வைத்தார். என் சொந்தப் பெரியம்மாவும் அதைத்தான் செய்திருப்பார்.

பாரிஸ்: போகலாம், விசா தடையில்லை. உங்கள் ஜெர்மன் வசிப்பு அனுமதியோடு 180 நாளில் 90 நாள்வரை மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், இருக்கலாம். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். லண்டன் இதில் வராது. ஆனால் இரவு பஸ்ஸில் போய் மறு இரவு பஸ்ஸில் திரும்புவதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன். ஈஃபில் கோபுரத்தின் வரிசை, வீங்கிய பாதம், பஸ் நிலையக் கழிப்பறை, இவ்வளவுதான் நினைவிருக்கிறது. இரண்டு இரவு தங்குமளவுக்குச் சேர்த்துக்கொண்டு போங்கள். 26 வயதுக்குக் குறைவாக இருந்து ஐரோப்பிய நாட்டில் வசிப்பவர் என்று அட்டையைக் காட்டினால் லூவர் அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணமில்லை. எங்களுக்கு இது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டாரோடு கடற்கரை என்றால், அது வேலை. இடம்தான் மாறுகிறது. அவர்களோடு நான் நார்டர்னை தீவுக்குப் போனேன். கடல் வற்றும் நேரத்தில் சேற்றுத்தரையில் கிலோமீட்டர் கணக்கில் நடக்கலாம், அபூர்வமான இடம். நான் பார்த்ததோ பெரும்பாலும் நான்கு வயதுப் பையனின் தொப்பியை. காற்று தூக்கிப்போகும், நான் ஓடுவேன். போங்கள், தங்கும் செலவு அவர்களுடையது, பார்க்காத கடல். ஆனால் கிளம்புமுன் எத்தனை மணி நேரம் வேலை, எந்த நாள் எனக்கு என்று கேளுங்கள். ஓர் ஆண்டு முழுக்க இருப்பவருக்குரிய நான்கு வார விடுப்பு தனி. இதில் கழிக்க விடாதீர்கள்.

கார்னிவல் என்று இங்கே வேடம் கட்டி ஊர்வலம் போகும் தெரு விழா உங்களுக்கு இந்த ஆண்டு தப்பிவிட்டது. அடுத்த பிப்ரவரிவரை இருந்தால், ஊர்வலத்தன்று குழந்தைகளோடு குடை எடுத்துக்கொண்டு போங்கள். மழைக்கு அல்ல, தலைகீழாக விரித்துப் பிடித்தால் வண்டிகளிலிருந்து வீசும் மிட்டாய் அதில் விழும்.

ஹாம் தேர் தேதி தெரிந்ததும் சொல்கிறேன். அந்த ஞாயிறை இப்போதே பச்சை மையில் குறித்துவிடுங்கள். வகுப்புத் தோழிகள் இருந்தால் கூட்டி வாருங்கள், இல்லையென்றாலும் வாருங்கள். ரயில் நிலைய வாசலில் எவர்சில்வர் தூக்கோடு நிற்பவள் நான்தான்.