லிஸ்பன்: ஏற்றத்துக்குப் பயமில்லை, இறக்கத்துக்குத்தான்

அன்புள்ள சார்,

மகள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாள். வருகிற மே மாதம் எங்கள் இருவரையும் நான்கு நாள் லிஸ்பன் பார்த்துவிட்டு வரச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். வீட்டுக்காரிக்கு முழங்கால் தேய்மானம். ஏழு குன்றுகள் மேல் கட்டிய ஊர் என்று கேள்விப்பட்டதிலிருந்து, "பழனிக்கே விஞ்ச்சில் போகிறவள் நான், அங்கே வந்து என்ன செய்ய?" என்கிறாள். எனக்கு வேறு தயக்கம். வாஸ்கோ ட காமாவைக் கொண்டாடுகிற ஊருக்கு முத்துக்குளித் துறைக்காரன் காசு செலவழித்துப் போகத்தான் வேண்டுமா? கேபிள் ரயில் விபத்தில் பலர் இறந்ததாகவும் படித்தேன். போய் வந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் வீட்டம்மாவுக்குப் பதில். லிஸ்பன்காரர்களுக்கும் மலை ஏறப் பிடிக்காது. அதனால்தான் ஆளை மேலே தூக்கிவிட அந்த ஊரில் இத்தனை இயந்திரங்கள். லாவ்ரா 1884, குளோரியா 1885, பிகா 1892 என்று வரிசையாகச் சரிவு ரயில்கள். 1902இல் சாந்தா ஜுஸ்தா என்ற 45 மீட்டர் இரும்பு லிஃப்ட். சரிவு ரயில் ஏறக்குறைய நம் பழனி விஞ்ச்தான். ஒரே கேபிளில் இரண்டு பெட்டி; ஒன்று இறங்க, மற்றது ஏறும். நீங்கள் படித்த விபத்து குளோரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 3 மாலை கேபிள் விட்டுப்போய், பெட்டி சரிவில் பாய்ந்து கட்டடத்தில் மோதியது. 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மற்ற சரிவு ரயில்களையும் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் போகும்போது எது ஓடுகிறதென்று அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே ஓடாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

ஏனென்றால் உள்ளூர்க்காரர்கள் ஏறுகிற வழியே வேறு. பைஷா-ஷியாது மெட்ரோ நிலையத்துக்கு இரண்டு வாசல். ஒன்று கீழே சமதளத்தில், மற்றது மேலே ஷியாது குன்றில். நடுவில் எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டர். சாந்தா ஜுஸ்தா அடிவாரத்தில் சுற்றுலாக் கூட்டம் வெயிலில் வரிசை கட்டி நிற்கும்போது நீங்கள் இப்படி மேலே போய், மெதுவாக நடந்து, லிஃப்டின் உச்சி திறக்கிற அதே கார்மோ பக்கம் வந்துவிடலாம். குன்றின் மேலிருக்கும் பழைய கோட்டைப் பக்கம் போக, ஃபன்கெய்ரோஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. ஏறி வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் சூப்பர் மார்க்கெட் இருக்கிற கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட். கோட்டைக்குப் பாதிக்கு மேல் அதிலேயே ஏறியாயிற்று.

ஆகவே ஏற்றம் பிரச்சினை இல்லை. இறக்கம்தான் பிரச்சினை. "மேலே வண்டியில் போ, கீழே நடந்து வா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல முழங்காலுக்கு அது சரி. தேய்ந்த முழங்காலுக்குப் படி இறங்குவதுதான் உயிர் போகிற வலி. அதோடு அந்த ஊர் நடைபாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களையும் கறுப்புக் கற்களையும் சுத்தியலால் தட்டித் தட்டிக் கையாலேயே பதித்திருப்பார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் காலங்காலமாக ஆட்கள் நடந்து நடந்து கல் வழவழவென்று ஆகியிருக்கும். ஒரு தூறல் போட்டால் போதும், சோப்பு நீர் கொட்டிய மாதிரிதான். ஆலயத்துக்குப் போகிற தோல் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, நன்றாகப் பிடிக்கிற ரப்பர் அடி ஷூ வாங்கிக் கொடுங்கள். அதையும் இங்கேயே போட்டுப் பழகட்டும்.

இறங்குவதற்கு 28ஆம் நம்பர் டிராம் இருக்கிறது. மார்த்திம் மொனீஷில் ஏறினால் கூட்டம் தாங்காது. மறுகோடியில், கம்பு த ஒரீக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம், காலையிலேயே போனால் உட்கார இடம் கிடைக்கும். பர்ஸை முன்பையில் வையுங்கள். ஜேப்படிக்குப் பேர்போன வண்டி. போர்தாஷ் து சோல் முற்றத்தில் இறங்குங்கள். கீழே அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் ஓட்டுக் கூரைகள், ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணி, அதற்கப்பால் கடல் போல அகன்ற தேஜோ ஆறு. வீட்டம்மாவை அங்கே ஒரு காப்பியோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் கோட்டையைப் பார்த்து வாருங்கள். நஷ்டம் அவருக்கு இல்லை. கோட்டைக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. அங்கிருந்தும் இதே காட்சிதான், டிக்கெட் வாங்கி.

இனி உங்கள் தயக்கம். வாஸ்கோ ட காமாவின் கல்லறை லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஷ் மடத்துத் தேவாலயத்தில், உள்ளே நுழைந்ததுமே இருக்கிறது. கும்பிட வேண்டாம், கணக்குக் கேட்கவும் போகலாம். ஆனால் உங்களுக்கு அதைவிட நெருங்கிய சங்கதி ஒன்று இதே லிஸ்பனில் உண்டு. 1554இல் இங்கேதான் தமிழ் முதன்முதலில் அச்சேறியது. ரோமன் எழுத்தில் தமிழும் கூடவே போர்த்துகீசியமுமாக ஒரு ஜெபப் புத்தகம். கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாக இன்னும் 24 வருஷம் இருந்தது. லிஸ்பன் புத்தக வேலையைச் செய்தவர்கள் வின்சென்ட் நாசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்று மூன்று தமிழர்கள். பெயரைப் பார்த்தாலே யார் ஞானஸ்நானம் கொடுத்தது என்று தெரிகிறதல்லவா? காமாவுக்குக் கல்லில் சமாதி கட்டிய ஊர், இந்த மூவருக்கு ஒரு பலகைகூட வைத்து நான் பார்த்ததில்லை. நீங்களாவது போய் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் கொண்டாட மட்டும்தான் தெரிந்த ஊர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ரோசியு சதுக்கத்தை ஒட்டி, ஏற்றமே இல்லாத சமதளத்தில், சாவோ துமிங்குஷ் தேவாலயம் இருக்கிறது. 1506இல் யூதர்களாக இருந்து மதம் மாறியவர்களை ஊரே திரண்டு கொன்ற வெறியாட்டம் அங்கேதான் தொடங்கியது. வெளியே அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். 1755 பூகம்பத்தில் இடிந்து, எழுப்பப்பட்டு, 1959இல் மறுபடி தீப்பிடித்தது. திருப்பிக் கட்டும்போது தூண்களைப் பூசி மறைக்கவில்லை. தீயில் வெடித்துச் செதில் செதிலாகப் பெயர்ந்த கல் அப்படியே நிற்கிறது, பூசை நடந்துகொண்டிருக்கிறது. பெலெமில் வரிசையில் நிற்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

ஒரு சாயங்காலம் காய்ஷ் து சுத்ரேயிலிருந்து எதிர்க்கரை கசீல்யாஷுக்குப் படகில் போங்கள். பத்து நிமிஷம்தான். ஏறாமல் இறங்காமல் குன்றுகள் மொத்தத்தையும் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்கு, மீன் தின்கிறவர்களுக்கு அங்கே குறையே இல்லை. மேசையில் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அன்பளிப்பு இல்லை, தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மகள் பக்கத்து ஊர் சிந்த்ராவுக்கும் ஒரு நாள் போகச் சொல்வாள். அங்கே அரண்மனையே மலை உச்சியில்தான், ஏற்றமும் இறக்கமும் லிஸ்பனைவிட மோசம். நான்கு நாளுக்கு லிஸ்பனே காணாது. நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.