போட்டியில் குதிக்கும்போதே பயிற்சியாளர் பணிக்கும் தயாராக வேண்டும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகள் மூன்று மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங்கில் (துள்ளும் பலகையிலிருந்து நீரில் குதிக்கும் விளையாட்டு) மாநிலப் போட்டி வரை முன்னேறியிருப்பதையும், பிற்காலத்தில் அதே விளையாட்டில் பயிற்சியாளராக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். போட்டிக் காலம் முடிந்தபின் பிழைப்புக்கு என்ன வழி என்ற தங்கள் கவலை நியாயமானது. ஆனால் அதற்காக அவர் குளத்தை விட வேண்டியதில்லை. படிப்பைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

இதற்குச் சரியான முன்னுதாரணம் அமெரிக்கரான சம்மி லீ. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த இவர், 1947இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் பிளாட்பார்மில் (அசையாத மேடையிலிருந்து குதிக்கும் பிரிவு) தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சின்கியிலும் அதே தங்கத்தைத் தக்கவைத்தார். பின்னர் காது மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே பயிற்சியும் அளித்தார். அவரிடம் பயின்ற பாப் வெப்ஸ்டர் 1960, 1964 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். கிரெக் லூகானிஸ் பதினாறு வயதில், 1976இல் மாண்ட்ரியாலில் வெள்ளி வென்றதும் இவரது பயிற்சியில்தான். தமக்கென ஒரு தொழில் இருந்ததால், பயிற்சி வருமானத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதுவது.

நன்றாகக் குதிப்பவர் எல்லோரும் நன்றாகக் கற்பித்துவிடுவதில்லை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் இரண்டு விநாடிகளுக்குள், மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். அந்தக் குறுகிய நேரத்தில் மேடையை விட்டு எழும்பிய விதம், உடலை மடக்கிய இறுக்கம், விரித்த கணம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கும் கண் பயிற்சியாளருக்கு வேண்டும். எந்தக் குதிப்புகளைப் பட்டியலில் சேர்ப்பது என்பதும் அவர் பொறுப்பே. ஏழு நடுவர்கள் இருக்கும் போட்டியில் மேலிரண்டு, கீழிரண்டு மதிப்பெண்களை நீக்கி, எஞ்சிய மூன்றின் கூட்டலைக் கடின அளவெண்ணால் (அந்தக் குதிப்பு எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கும் எண்) பெருக்குவார்கள். கடின அளவெண் 2.4 உள்ள குதிப்பில் மூன்று நடுவர்களும் 8 அளித்தால் 57.6 கிடைக்கும், 3.0 உள்ள குதிப்பைத் தடுமாறி முடித்து 5.5 வீதம் வாங்கினால் 49.5தான். ஆசைப்பட்டு அவசரமாகக் கடினமான குதிப்புக்குத் தாவினால் புள்ளியும் போகும், மணிக்கட்டும் முதுகும் பாதிக்கப்படும். இந்தக் கணக்கைத் தங்கள் மகள் இப்போதே தம் பயிற்சியாளரிடம் கேட்டுக் கற்கலாம். வயதில் சிறியவர்களின் பயிற்சியைக் கரையில் நின்று கவனிக்க அனுமதி கேட்பதும் நல்லது.

அடுத்த கட்டமாக, பன்னிரண்டாம் வகுப்பை முழுக் கவனத்துடன் முடிக்கட்டும். பட்டப்படிப்பில் உடற்கல்வி, இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி), வணிகவியல் என எதைத் தேர்ந்தாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வாய்ப்புண்டா என்று பாருங்கள். சான்றிதழ்களின் அசல்களை ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பட்டத்துக்குப் பிறகு, பாட்டியாலாவிலுள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பைக் குறிவைக்கலாம். அரசு சார்ந்த பயிற்சியாளர் பணிகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ரயில்வே போன்ற துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை கிடைத்தால், சம்பளம் பெற்றுக்கொண்டே போட்டிகளிலும் தொடரலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னை வேளச்சேரியில் உள்ளது போன்ற டைவிங் குளங்கள் நம் மாநிலத்தில் மிகக் குறைவு என்பதால், டைவிங் பயிற்சி மட்டும் அளிக்கும் பணியிடங்களும் குறைவாகவே இருக்கும். எனவே நீச்சல் கற்பிக்கவும், நீரில் உயிர்காக்கவும் உரிய சான்றிதழ்களை அவர் கல்லூரிக் காலத்திலேயே பெற்றுவிட வேண்டும். பள்ளிகளிலும் குடியிருப்பு வளாகங்களிலும் வேலை தேடும்போது அவையே முதலில் உதவும். இப்போதைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு அவருடைய பயிற்சியாளரைச் சந்தியுங்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பயிற்சி நேரத்தை எவ்வளவு குறைக்கலாம், காது, தோள், முதுகு ஆகியவற்றை எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு எனக்கு அனுப்புங்கள். கல்லூரித் தேர்வை அதையொட்டிப் பேசுவோம்.