சீட்டும் சிபாரிசும்

கேள்வி: சென்ற ஐப்பசியில் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த என் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்தது. அரசு மருத்துவமனையில் ஒரு ரூபாய் வாங்காமல் உயிரைக் காப்பாற்றினார்கள். அதே தம்பிக்குக் குடலிறக்க (ஹெர்னியா) அறுவை சிகிச்சைக்காக இதுவரை மூன்று முறை தேதி கொடுத்து மூன்று முறையும் தள்ளிவைத்துவிட்டார்கள். அவனுக்குப் பின்னால் வந்த வசதியுள்ள ஒருவருக்கு அதே வாரத்தில் முடிந்துவிட்டது. அரசு மருத்துவத்தில் ஏழையும் பணக்காரரும் சமம்தானா? கண்காணிப்பாளரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் காரியம் நடந்துவிடும்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: தங்கள் தம்பிக்கு நேர்ந்த இரண்டு அனுபவங்களும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றொன்றை இல்லையென்று சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையைப் புகழ்கிறவர்கள் முதல் அனுபவத்தையும், ஏசுகிறவர்கள் இரண்டாவதையும் மட்டுமே பேசுகிறார்கள். ஒரே மனிதருக்கு இரண்டும் எப்படி நேர்ந்தன என்பதுதான் ஆராய வேண்டியது.

பாம்புக்கடியோடு வருகிறவரின் இரத்தத்தில் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கிறார்கள். உறையவில்லை என்றால் விரியனின் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே நச்சுமுறி மருந்து ஏற்றப்படுகிறது. குழாயில் இருப்பது நிலம் வைத்திருப்பவரின் இரத்தமா, கூலிக்கு வந்தவரின் இரத்தமா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களையும் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது காயத்தின் கடுமையை வைத்துத்தான். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்திலும், தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எவ்வளவு வருமானம் உள்ளவர் என்று கேட்காமலே முதல் 48 மணி நேரச் சிகிச்சை தரப்படுகிறது. மருந்திலும் இதே நிலைதான். 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் அதே மாத்திரைதான் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் கிடைக்கிறது. இந்த அளவுக்கு ஒரு சமத்துவத்தைக் கட்டி எழுப்பியது சாதாரணச் செயல் அன்று; எந்தக் குறையைச் சொல்லும்போதும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

தங்கள் தம்பியின் குடலிறக்கத்துக்கு அப்படி ஒரு கண்ணாடிக் குழாய் இல்லை. அது இன்றே செய்தாக வேண்டிய அறுவை அல்ல; பொறுக்கலாம். பொறுக்கலாம் என்றால் யார் பொறுப்பது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை ஒரு மனிதரின் கையிலும் ஒரு நோட்டிலும் இருப்பதால்தான் சிபாரிசு உள்ளே நுழைகிறது. நம் மாநிலத்தில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளிகளைப் பார்க்க அனுமதி உண்டு. அவர்களில் மிகப் பலர் இரண்டையும் நேர்மையாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆயினும், மாலையில் கிளினிக்கில் கட்டணம் கொடுத்துப் பார்த்தவர் மறுநாள் காலை வார்டில் தெரிந்த முகமாகிவிடுகிறார், ஓ.பி. சீட்டோடு நின்றவர் சீட்டாகவே இருந்துவிடுகிறார். மயக்க மருத்துவர் கிடைக்காததாலும், திடீரென்று வந்த பிரசவ அறுவைக்கு அரங்கைக் கொடுக்க வேண்டியிருப்பதாலும் தேதிகள் தள்ளிப்போவது நியாயமே. அந்த நியாயம் ஒவ்வொரு முறையும் சொல்ல ஆளில்லாதவரின் தேதியையே தள்ளுகிறது என்பதுதான் அநியாயம்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, டெல்டாவில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில்தான் சேர்த்தேன். இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் பொறுமையிழந்து, தெரிந்த அதிகாரி ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுநாள் காலையில் அறுவை முடிந்தது. அம்மா நடந்தார்கள். அடுத்த கட்டிலில் அதே முறிவோடு, எங்களுக்கு நான்கு நாள் முன்பே வந்து படுத்திருந்த ஒரு பாட்டியின் மகள், “உங்களுக்குக் கூப்பிட்டுட்டாங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் என்மீது கோபப்படவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று அவர் முன்பே அறிந்துவைத்திருந்தார் என்பதை நினைக்க இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது. என்னைப் போன்றவர்களின் தொலைபேசிதான் அவருடைய தாயாரைக் கட்டிலில் இருத்தியது.

தள்ளிவைக்கப்படும் தேதியின் விலையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. நடவுக் காலத்தில் கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாளை இழந்தால், துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து போகிறது; பேருந்துச் செலவு தனி. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும் பிறந்த குழந்தையைக் காட்டுவதற்கும் கை நீட்டுகிற வழக்கம் பற்றி நம் வாசகர்கள் ஓயாமல் எழுதுகிறார்கள். இலவசம் என்று எழுதிய சுவரின் கீழேயே அது நடக்கிறது. தூரமும் ஏழையைத்தான் அதிகம் வதைக்கிறது. திருவாரூருக்கு 2010-லும் நாகப்பட்டினத்துக்கு 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன் கடலோரத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். மயிலாடுதுறை மாவட்டத்துக்கு அது இன்னும் வாய்க்கவில்லை.

சட்டமும் அவசரத்தின் பக்கம்தான் உறுதியாக நிற்கிறது. 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட மேற்கு வங்க விவசாயத் தொழிலாளி ஒருவரை, அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொல்லி, உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், பணமில்லை என்று அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் தீர்ப்பளித்தது. காத்திருக்கக் கூடிய நோயாளிக்கு இவ்வளவு தெளிவான காவல் இல்லை.

சில அரசு மருத்துவமனைகளில் இப்போது கட்டண வார்டு இருப்பதையும் பலர் குறை சொல்கிறார்கள். தனி அறைக்கும் குளிர்சாதனத்துக்கும் காசு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. வசதியுள்ளவர்கள் அரசு மருத்துவமனைக்குத் திரும்பி வந்தால், உடைந்த குழாயையும் வராத மருத்துவரையும் கேட்க அங்கே குரல் கூடும். ஆனால் அறுவை அரங்கின் பட்டியல் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். யாருக்கு எந்தத் தேதி, எந்தக் காரணத்தால் தள்ளிப்போனது என்பதை, பெயர் இல்லாமல் பதிவு எண்ணை மட்டும் போட்டு, வார்டு வாசலில் தினமும் ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை.

இனி, தங்கள் வேண்டுகோள். கண்காணிப்பாளரிடம் நான் பேசப் போவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பேசினால் தங்கள் தம்பியின் தேதி முன்னே வரும். இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரியாத வேறொருவரின் தேதி பின்னே போகும். தாங்கள் எதை அநியாயம் என்று எழுதினீர்களோ, அதையே தங்களுக்காகச் செய்யச் சொல்கிறீர்கள். மூன்று தேதிகளையும் குறிப்பிட்டுக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் புகாரைப் பதியுங்கள். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியோ வாந்தியோ வந்தால் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. அந்த மருத்துவமனையில் கடந்த ஆறு மாதங்களில் குடலிறக்க அறுவைக்குப் பதிந்தவர்களின் வரிசையையும் அறுவை நடந்த வரிசையையும் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் என் பெயரில் நேற்று மனு அனுப்பியிருக்கிறேன். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. வந்ததும், இரண்டு வரிசைகளையும் அருகருகே இதே பக்கத்தில் அச்சிடுவேன்.