ஜப்பானுக்குப் போய் அங்கேயும் பர்கர் கடையில் சாப்பிடுவது வீணா?

வீணே இல்லை. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பர்கர் கடை என்றால் ஒரு வேளையாவது கட்டாயம் சாப்பிடுங்கள்.

"அவ்வளவு தூரம் போயும் பர்கரா?" என்று யாரோ உங்களைக் கேட்டிருக்க வேண்டும், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். என்னையும் கேட்டார்கள். கூட வந்த ஒருவர் டூர் பஸ் முழுக்கக் கேட்கும்படியே கேட்டார். அன்று சும்மா இருந்துவிட்டேன், இங்கே பதில் சொல்கிறேன்.

நான் போனது மாஸ் பர்கர் என்ற ஜப்பானியக் கடைக்கு. டோக்கியோவில் கின்ஸாவில் மெக்டொனால்ட்ஸ் வந்தது 1971-ல். மறு வருஷமே நரிமாசு என்ற பகுதியில் சின்ன இடத்தில் ஆரம்பித்தது இது. 1973-லேயே சோயா சாஸ் இனிப்பும் உப்புமாகப் பூசிய டெரியாக்கி பர்கரைக் கொண்டுவந்தார்கள். 1987-ல் ரைஸ் பர்கர். அதில் பன்னே கிடையாது. சோற்றை வட்டமாக அழுத்திச் சுட்டு, மேலும் கீழும் வைத்துத் தருகிறார்கள். இதையும் அமெரிக்கச் சாப்பாடு என்று ஒதுக்கினால் நான் என்ன சொல்வது?

கவுண்டரில் காசு கொடுத்ததும் நம்பர் போட்ட அட்டை ஒன்றைத் தந்தார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் செய்ய ஆரம்பிப்பார்கள் என்பதால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பக்கத்து மேஜையில் வயதான தம்பதி பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பள்ளிப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டூர் முழுக்க நாங்கள் சாப்பிட்ட இடங்களில் இப்படி உள்ளூர் ஆட்களை நான் பார்க்கவே இல்லை. எல்லாம் எங்களை மாதிரி பஸ்ஸில் வந்திறங்கியவர்கள்தான்.

நான் ஆர்டர் செய்தது கடல் உணவும் காய்கறியும் சேர்த்து மாவில் பொரித்த ககியாகே வைத்த ரைஸ் பர்கர். மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். சோற்றின் ஓரம் லேசாக முறுகி, சாஸ் ஊறி, உள்ளே பொரித்தது மொறுமொறுவென்று இருந்தது. காகித உறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள், உதிர்ந்துவிடும். உறையோடு பிடித்துக் கடித்தால் கடைசிப் பருக்கை வரை சாப்பிடலாம். அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடுகளில் இது ஒன்று. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

"சுஷி, ராமென் எல்லாம் இருக்கும்போது..." என்று கீழே கமெண்டில் சிலர் வருவார்கள். அவையும் சாப்பிட்டேன், அவையும் நன்றாகவே இருந்தன. ஒன்றைச் சாப்பிட்டால் இன்னொன்றைச் சாப்பிடக் கூடாது என்று யார் சொன்னது? கடைக்கு விளம்பரம் செய்கிறேன் என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், எனக்கும் அந்தக் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உண்மையில் நேரத்தை வீணடித்தது எங்களை அழைத்துப்போன டூர் கம்பெனிதான். கோயிலில் அரை மணி நேரம், நினைவுப்பொருள் கடையில் ஒன்றரை மணி நேரம். யாரும் எதுவும் வாங்காவிட்டாலும் பஸ் கிளம்பாது. அங்கே முணுமுணுக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் நான் ஒரு சாயங்காலம் தனியாகப் போய்ச் சாப்பிட்டதைப் பேச்சாக்கினார்கள். காசு கொடுத்துப் போகிறவர்களுக்குத் தங்கள் நேரத்தின் மேல் உரிமை இல்லையா? டூர் பதிவு செய்யும்போதே எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். ஜப்பானில் இந்தக் கடையின் வழக்கமான மாஸ் பர்கரில் வைக்கும் கறி மாடும் பன்றியும் கலந்தது. இரண்டில் எது ஆகாதென்றாலும் மீன் பர்கர் பக்கம் போங்கள். சைவம் என்றால், சோயா புரதத்தில் செய்த கிரீன் பர்கரை 2020-ல் கொண்டுவந்தார்கள். நீங்கள் போகும் கடையில் கிடைக்கிறதா, அதன் சாஸில் என்ன சேர்க்கிறார்கள் என்று ஆர்டர் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மொழி தெரியாவிட்டால் ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினால் போதும்.